அகலமான நாடு, மெல்லிய நூல்

போன கோடை விடுமுறைக்கு லண்டனில் இருந்து என் மச்சான் குடும்பம் வந்திருந்தது. நயாகரா பார்த்தாச்சு, சி.என். கோபுரம் ஏறியாச்சு, ஸ்காபரோவில் கொத்துரொட்டியும் சாப்பிட்டாச்சு. அடுத்து என்ன என்று கேட்டேன். "சனி, ஞாயிறு ரெண்டு நாள் கிடக்குத்தானே, காரை எடுத்துக்கொண்டு வன்கூவருக்கு ஒருக்கா போட்டு வருவமோ?" என்றான். என் மனைவி சிரிக்காமல் போனில் மேப்பைத் திறந்து அவனிடம் நீட்டினாள். ஒரு பக்கத்துக்கு மட்டும் 4,400 கிலோமீற்றருக்குக் கிட்ட. எங்கேயும் நிற்காமல் ஓடினாலும் 40 மணித்தியாலத்துக்கு மேல்.

அவனைக் குறை சொல்ல முடியாது. இங்கிலாந்தில் சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டால் ஸ்கொட்லாந்து போய் ஞாயிறு இரவு வீட்டுக்குத் திரும்பலாம். இங்கே கணக்கு வேறு. கனடாவின் கிழக்கு முனையில், நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் சென். ஜோன்ஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே இருப்பவருக்கு வன்கூவரை விட லண்டன்தான் பக்கம். லண்டனுக்கு ஏறக்குறைய 3,700 கிலோமீற்றர், வன்கூவருக்கு 5,000. சொந்த நாட்டு நகரத்தை விடக் கடல் தாண்டி இருக்கிற நகரம் கிட்ட!

இந்த இதழை வாசிக்கிற உங்களில் பலருக்குக் கனடாவில் ஒரு சித்தியோ பெரியப்பாவோ கட்டாயம் இருப்பார்கள். கனடா என்றால் எங்கட ஆட்களுக்கு ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ப்டன், கொஞ்சம் மொன்றியல். அதுக்கு வெளியே 'பனி' என்று ஒரு வெள்ளை இடம். பிள்ளைகளோ பள்ளிக்கூடத்தில் 'உலகின் இரண்டாவது பெரிய நாடு' என்று பாடமாக்குகிறார்கள். அது சரிதான், ஆனால் அந்த ஒரு வரியை வைத்து இந்த நாட்டை விளங்கிக்கொள்ள ஏலாது. நான் மூன்று வயதில் இங்கே வந்து இங்கேயே வளர்ந்தவன். என் மகளுக்கு இப்போது எட்டு வயது. அவளுக்கு வரைபடத்தைக் காட்டும்போது நான் சொல்வது இதுதான்: இந்த நாட்டைப் பெரிய பாயாக நினையாதே, நீளமான நூலாக நினை.

பரப்பளவு 99.8 இலட்சம் சதுர கிலோமீற்றர். இலங்கையைப் போல 150 தீவுகளை இதற்குள் அடுக்கலாம். ஆனால் சனத்தொகை 4 கோடியைத் தொட்டதே 2023 ஜூனில்தான். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 7.2 கோடிப் பேர் இருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த 4 கோடியும் நாடெங்கும் பரந்து கிடப்பதில்லை. பத்துப் பேரில் ஒன்பது பேர் அமெரிக்க எல்லையில் இருந்து 160 கிலோமீற்றருக்குள் இருக்கிறார்கள். அதிலும் விண்ட்சரில் இருந்து கியூபெக் நகரம் வரையான ஒரே ஒரு பாதையோரத்தில் நாட்டின் பாதிச் சனம். மேலே கிடக்கும் மிச்சப் பெரிய நிலத்தில் ஆட்கள் அங்கொன்று இங்கொன்றுதான்.

சின்ன வேடிக்கை ஒன்று. விண்ட்சரில் நின்று ஆற்றைக் கடந்து அமெரிக்காவின் டிற்றோயிற்றுக்குப் போக வேண்டுமென்றால் வடக்குப் பக்கமாகப் போக வேண்டும். கனடாவில் இருந்து வடக்கே போனால் அமெரிக்கா! ரொறன்ரோவும் அப்படித்தான். பூமத்திய ரேகையில் இருந்து பார்த்தால் லண்டன், பாரிஸ், வெனிஸ் எல்லாவற்றையும் விடத் தெற்கே இருக்கிறது, கிட்டத்தட்ட இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்துக்கு நேரே. அப்படியென்றால் ஏன் இந்தக் குளிர்? ஐரோப்பாவுக்குக் காற்று மேற்கே இருக்கும் சூடான கடலைத் தடவிக்கொண்டு வருகிறது. எங்களுக்குக் காற்று உறைந்த தரையைத் தடவிக்கொண்டு வருகிறது. பெப்ரவரியில் கார்க் கண்ணாடியைச் சுரண்டும்போது இந்த விளக்கம் ஒன்றுக்கும் உதவாது, அது வேறு கதை.

ஏன் எல்லாரும் கீழ்க்கரையிலேயே ஒட்டிக்கொண்டு இருக்கிறார்கள்? குளிர் பாதிக் காரணம்தான். மிச்சப் பாதி கல். நாட்டின் பாதிக்குக் கிட்ட 'கனேடியக் கேடயம்' என்று சொல்லப்படும் பாறை. உலகத்திலேயே மிகப் பழைய பாறைகளில் சில இங்கேதான், வடமேற்குப் பிரதேசத்தில் ஒரு பாறையின் வயது 400 கோடி ஆண்டு. பனிக்காலத்தில் கிலோமீற்றர் கணக்கில் தடித்த பனிக்கட்டி இதன்மேல் நகர்ந்து, இருந்த மண்ணையெல்லாம் வழித்துத் தெற்கே கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது வெறும் கல்லும் பள்ளங்களும். பள்ளங்களில் தண்ணீர் நிரம்பி ஏரிகள் ஆகின. உலகத்தில் எந்த நாட்டையும் விட அதிக ஏரிகள் கனடாவில் இருப்பதற்கு இதுதான் காரணம். நாட்டில் பயிர் செய்யத்தக்க நிலம் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில்தான். கல்லுக்குள் நிக்கல், தங்கம், வைரம் எல்லாம் இருக்கிறது, ஆனால் கல்லில் நெல்லும் விளையாது கோதுமையும் விளையாது. மண் இருந்த இடத்தில் சனம் குடியேறியது. நூல் அப்படித்தான் உண்டானது.

நூலைக் கோர்த்தவர்கள்

1871இல் பிரிட்டிஷ் கொலம்பியா கனடாவோடு சேர ஒரு நிபந்தனை வைத்தது: பத்து ஆண்டுக்குள் எங்களைக் கிழக்கோடு ரெயில் பாதையால் இணைக்க வேண்டும். அந்தக் காலத்தில் அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போவது சுலபம், ஒன்ராறியோவுக்கு வருவது கஷ்டம். ரெயில் வராவிட்டால் மேற்குப் பக்கம் அமெரிக்காவோடு போய்விடும் என்ற பயம் உண்மையானது. பாதை 1885 நவம்பர் 7ஆம் திகதி முடிந்தது. ரொக்கி மலைகளை விட, சுப்பீரியர் ஏரியின் வடக்குக் கரைதான் பெரும் தொல்லை கொடுத்தது. ஒரு பக்கம் வெடி வைத்தாலும் அசையாத கல், மறுபக்கம் தண்டவாளத்தையே விழுங்குகிற சேற்று நிலம்.

மேற்குப் பக்கம் மலைகளுக்குள்ளால் பாதை வெட்டியவர்களில் பெரும்பாலானவர்கள் சீனத் தொழிலாளர்கள், 15,000 பேருக்கு மேல். வெள்ளைக்காரத் தொழிலாளியை விடக் குறைந்த சம்பளம், அதிக ஆபத்தான வேலை. நூற்றுக்கணக்கானோர் செத்துப் போனார்கள். பாதை முடிந்த அதே 1885இல், சீனர் ஒருவர் நாட்டுக்குள் வர 50 டொலர் தலைவரி என்று அரசாங்கம் சட்டம் போட்டது. 1903இல் அதை 500 டொலர் ஆக்கியது. 1923இல் கதவையே சாத்தியது. மன்னிப்புக் கேட்டது 2006இல்.

எங்கட பக்கத்து ஆட்களுக்கும் அந்தத் துறைமுகத்தில் ஒரு கதை உண்டு. 1914 மே மாதம் கொமகட்டா மாரு என்ற கப்பல் 376 பேரோடு வன்கூவருக்கு வந்தது. அநேகமானோர் பஞ்சாபியர், எல்லாரும் பிரித்தானியப் பேரரசின் குடிமக்கள். இந்தியர் வரக்கூடாது என்று வெளிப்படையாக எழுதாமல், 'பிறந்த நாட்டில் இருந்து இடையில் நிற்காமல் வர வேண்டும்' என்று 1908இல் ஒரு விதி வைத்திருந்தார்கள். இந்தியாவில் இருந்து நேரே வருகிற கப்பலே அப்போது கிடையாது. பூகோளத்தையே சட்டமாக்கிவிட்டார்கள் பாருங்கள்! இரண்டு மாதம் துறைமுகத்திலேயே வைத்திருந்துவிட்டு, 24 பேரை மட்டும் இறங்க விட்டு, மற்றவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இறங்கியபோது துப்பாக்கிச் சூட்டில் இருபது பேர் அளவில் இறந்தார்கள்.

72 ஆண்டு கழித்து, நூலின் மற்ற முனையில், 1986 ஆகஸ்ட் 11ஆம் திகதி நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிதந்தன. உள்ளே 155 தமிழர்கள். ஒரு கப்பல் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. கஸ் டால்ற்றன் என்ற மீனவர் கண்டு தன் படகில் ஏற்றினார், மற்ற மீனவர்களையும் உதவிக்குக் கூப்பிட்டார். இந்தியாவில் இருந்து வந்ததாக அவர்கள் முதலில் சொன்னார்கள், உண்மையில் வந்தது மேற்கு ஜேர்மனியில் இருந்து. அது தெரிய வந்தபோது நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. ஆனாலும் மல்ரோனி அரசாங்கம் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை, ஒரு வருட அனுமதி கொடுத்தது. முப்பது ஆண்டு கழிந்து 2016இல் அவர்களில் சிலர் திரும்பவும் நியூஃபவுண்ட்லாந்துக்குப் போய் டால்ற்றனைச் சந்தித்தார்கள். அதற்கிடையில் மேற்குக் கரையிலும் எங்கட ஆட்கள் வந்து இறங்கினார்கள்: 2009இல் ஓஷன் லேடியில் 76 பேர், 2010இல் சன் சீயில் 492 பேர். அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு 1986 போல இருக்கவில்லை, பலர் மாதக்கணக்கில் தடுப்பில் இருந்தார்கள். என் வயதுக்காரருக்கு சன் சீ நல்ல ஞாபகம் இருக்கும். அந்த வாரம் ஆபீசில் 'நீயும் கப்பலில் வந்தனியோ' என்று கேட்ட ஆட்கள் இருந்தார்கள்.

இந்த இரண்டு கரையையும் பிள்ளைகளுக்கு ஒன்றாகச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். 'கனடா நல்ல நாடு, எங்களை எடுத்தது' என்று மட்டும் சொன்னால் பாதிக் கதை. 'கனடா எங்களை அடைத்து வைத்தது' என்று மட்டும் சொன்னாலும் பாதிக் கதைதான்.

அறுந்தால் என்ன நடக்கும்?

என் தொழில் மென்பொருள். எங்கள் வேலையில் அடிக்கடி கேட்கிற கேள்வி: எந்த ஒரு இடம் விழுந்தால் முழுதும் விழும்? அப்படி ஒரு இடம் இருக்கவே கூடாது என்று நாங்கள் தலையை உடைத்துக்கொள்வோம். ஒரு நாடே அப்படிக் கட்டப்பட்டிருக்கும் என்று யார் நினைத்தது?

ஒன்ராறியோவின் வடக்கே நிப்பிகொன் என்று ஒரு சின்ன ஊர். கிழக்குக் கனடாவையும் மேற்குக் கனடாவையும் இணைக்கிற எல்லாத் தரைவழி வாகனமும் அங்கே ஒரே ஒரு பாலத்தால்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். மாற்று வீதி நாட்டுக்குள் இல்லை. 2015 கடைசியில் புதுப் பாலத்தின் முதல் பாதியைத் திறந்தார்கள், கம்பி வடங்களில் தொங்குகிற அழகான பாலம். இரண்டு மாதம் கூட ஆகவில்லை, 2016 ஜனவரி 10ஆம் திகதி கடும் குளிரில் ஒரு பக்கத்துத் தளம் 60 சென்ரிமீற்றர் அளவுக்கு மேலே எழும்பி நின்றது. போல்ட்டுகள் அறுந்துவிட்டன. பாலம் மூடியது. அவ்வளவுதான், நாடு இரண்டாகிவிட்டது. லொறிகள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றன. கனடாவில் இருந்து கனடாவுக்குப் போக வேண்டுமென்றால் அமெரிக்காவுக்குள்ளால் சுற்றிப் போ என்றார்கள். கடவுச்சீட்டு கையில் இல்லாதவர் என்ன செய்வார்? அடுத்த நாள் ஒரு ஒழுங்கையை மட்டும் திறந்தார்கள்.

2021 நவம்பரில் இன்னும் மோசம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பெருமழை. மண்சரிவும் வெள்ளமும் வன்கூவருக்கு வருகிற வீதிகளையும் இரண்டு ரெயில் பாதைகளையும் ஒரே நேரத்தில் வெட்டிவிட்டன. நாட்டின் மிகப் பெரிய துறைமுகம் நாட்டில் இருந்து துண்டானது. 2022 ஜூலை 8ஆம் திகதி ஒரு பெரிய தொலைபேசி நிறுவனத்தின் வலைப்பின்னல் விழுந்தபோது நாடு முழுக்க வங்கி அட்டை கூட வேலை செய்யவில்லை. நீளமான நாட்டில் வலை இழுக்கச் செலவு அதிகம், அதனால் ரெயில், தொலைபேசி, விமானம் எல்லாம் இரண்டு மூன்று நிறுவனங்களின் கையில். உங்கள் கனடாச் சித்தி போன் பில்லைப் பற்றி ஏன் புலம்புகிறார் என்பதற்கு விளக்கம் இதிலும் கொஞ்சம் இருக்கிறது.

நூல் கிழக்கு மேற்காக ஓடுகிறது, ஆனால் காசு வடக்குத் தெற்காக ஓடுகிறது. கனடாவின் ஏற்றுமதியில் முக்கால்வாசி அமெரிக்காவுக்குத்தான். அல்பேர்ட்டாவில் எண்ணெய் கொட்டிக் கிடக்கிறது, உலகின் மிகப் பெரிய எண்ணெய் இருப்புகளில் ஒன்று. ஆனால் நாட்டின் மிகப் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருப்பது கிழக்கே நியூ பிரன்ஸ்விக்கின் சென். ஜோனில். (இது சென். ஜோன், முன்னே சொன்னது சென். ஜோன்ஸ். விமான ரிக்கெற் எடுக்கும்போது கவனம்.) அல்பேர்ட்டாவில் இருந்து அங்கே குழாய் இல்லை. அதனால் அந்த ஆலைக்குச் சவூதியில் இருந்தெல்லாம் கப்பலில் எண்ணெய் வந்திருக்கிறது. மேற்குக் கடலுக்கு ஒரு குழாயை 2018இல் அரசாங்கமே 450 கோடி டொலருக்கு வாங்கி, அதைப் பெருப்பித்து 2024 மேயில் திறப்பதற்குள் மொத்தச் செலவு 3,400 கோடிக்குப் போய்விட்டது.

மாகாணத்துக்கும் மாகாணத்துக்கும் இடையே வேலிகள் வேறு. நியூ பிரன்ஸ்விக்கைச் சேர்ந்த ஜெராட் கொமோ என்பவர் 2012இல் பக்கத்துக் கியூபெக்கில் மலிவாக 14 பெட்டி பியரும் சில போத்தல் மதுவும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பொலிஸ் மறித்து 292 டொலர் தண்டம் எழுதியது. அவர் விடவில்லை, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018இல் தீர்ப்பு மாகாணத்தின் பக்கம். பிரான்சில் இருந்து ஜேர்மனிக்குப் பெட்டி பெட்டியாகப் பியர் கொண்டுபோனாலும் ஒருவரும் கேட்பதில்லை. 2025இல் அமெரிக்கா வரிகளை ஏற்றிய பிறகுதான் இந்த உள்நாட்டு வேலிகளைப் பிடுங்குவது பற்றி எல்லாக் கட்சிகளும் ஒரே குரலில் பேசத் தொடங்கின.

மேப்பிள் சிரப் பற்றி ஒரு வரியாவது எழுதாவிட்டால் பிள்ளைகள் கோபிப்பார்கள். உலகத்துச் சிரப்பில் 70 சதவீதம் அளவில் கியூபெக்கில் இருந்து. எண்ணெய்க்கு மற்ற நாடுகள் சேமிப்பு வைத்திருப்பது போல அவர்கள் சிரப்புக்கு வைத்திருக்கிறார்கள். 2011, 2012இல் அந்தச் சேமிப்பில் இருந்து 3,000 தொன் அளவில் களவு போனது.

எங்கட பருப்புச் சட்டி

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வீட்டில் மைசூர் பருப்புப் பையைத் திருப்பிப் பாருங்கள். கொழும்பில் வாங்கினாலும், லண்டனில் வாங்கினாலும், அந்தப் பருப்பு கனடாவில் விளைந்ததாக இருக்கப் பெரிய வாய்ப்பு உண்டு. 1970க்கு முன் இங்கே பருப்பு என்ற பயிரே பெரிதாக இல்லை. அந்த ஆண்டு கோதுமை விலைப்படாமல் தேங்கி, விதைக்காமல் விடச் சொல்லி அரசாங்கமே விவசாயிக்குக் காசு கொடுத்தது. வேறு என்ன பயிரிடலாம் என்ற கேள்விக்கு சஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தில் அல் ஸ்லிங்கார்ட் என்ற ஆய்வாளர் பருப்பைப் பிடித்தார். 1978இல் 'லெயர்ட்' என்ற ரகம் வெளிவந்தது. பருப்புச் செடி காற்றில் இருக்கும் நைதரசனைப் பிடித்து மண்ணுக்கே கொடுக்கும், வறட்சியையும் தாங்கும். விதைத்த விவசாயிகள் தங்கள் வாழ்நாளில் பருப்புக் கறி சாப்பிட்டதே இல்லை! இன்று உலகத்தில் பருப்பு ஏற்றுமதியில் முதல் இடம் கனடாவுக்கு, அதில் பெரும் பங்கு சஸ்கச்சுவானுக்கு.

அதனால் டெல்லியில் எடுக்கிற முடிவு சஸ்கச்சுவான் வயலில் அடிக்கிறது. 2017 டிசம்பரில் இந்தியா தன் விவசாயிகளைக் காப்பாற்ற மைசூர் பருப்புக்கு 30 சதவீத இறக்குமதி வரி போட்டது. இங்கே விலை விழுந்தது. கடுகும் அப்படியே. 2021இல் சஸ்கச்சுவானிலும் அல்பேர்ட்டாவிலும் கடும் வறட்சி. அடுத்த வருடம் பிரான்சின் கடைகளில் 'டிஜோன்' கடுகுப் பசை கிடைக்கவில்லை. பிரெஞ்சுக்காரரின் பெருமைக்குரிய கடுகுப் பசை கனடாவின் கடுகில்தான் செய்யப்படுகிறது என்று அன்றைக்குத்தான் பலருக்கும் தெரிய வந்தது.

நூலுக்கு வெளியே

இதுவரை சொன்னது நூலில் இருப்பவர்களின் கதை. நூலில் இல்லாதவர்களின் கதை வேறு.

நுனாவுட் என்றால் இனுக்ரிற்றுட் மொழியில் 'எங்கள் நிலம்'. 1999 ஏப்ரல் 1ஆம் திகதி தனிப் பிரதேசம் ஆனது. இலங்கையைப் போல முப்பது மடங்குக்கு மேல் பெரிய நிலம். 2021 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 36,858 பேர், அதாவது மார்க்கத்தின் சனத்தில் ஒரு சின்னப் பங்கு. 25 ஊர்கள். ஒரு ஊரில் இருந்து மற்ற ஊருக்கு வீதியே இல்லை, தெற்கே இருந்தும் வீதி இல்லை. கோடையில் பனி உருகும்போது கப்பலில் வருடத்துச் சாமான் வரும், மிச்சமெல்லாம் விமானத்தில். பல பொருட்களின் விலை எங்கள் கடை விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

இன்னும் வடக்கே, ஆட்களே இல்லாத தீவுகளில் தன் கொடிக்கு ஆள் வேண்டும் என்பதற்காக, அரசாங்கம் 1953இலும் 1955இலும் வட கியூபெக்கில் இருந்து இனுவிட் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி ஏறக்குறைய 2,000 கிலோமீற்றர் தள்ளிக் கொண்டுபோய் இறக்கியது. இரண்டு வருடத்தில் விரும்பினால் திரும்பலாம் என்று சொன்னார்கள். அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை. மாதக்கணக்கில் சூரியனே உதிக்காத இடம், பழக்கமில்லாத வேட்டை. மன்னிப்பு 2010இல் வந்தது. இடம்பெயர்வைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இதை விளங்கிக்கொள்ள அதிகம் யோசிக்கத் தேவையில்லை.

தூரம்தான் பிரச்சினை என்றால், தண்ணீர்க் கதையைக் கேளுங்கள். வினிப்பெக் நகரத்துக்கு 1919இல் இருந்து குடிதண்ணீர் வருவது ஷோல் ஏரியில் இருந்து, 150 கிலோமீற்றர் நீளக் கால்வாய் வழியாக. அந்த ஏரிக்கரையில் 'ஷோல் லேக் 40' என்ற பூர்வகுடிச் சமூகம் இருக்கிறது. நகரத்துக்குச் சுத்தமான தண்ணீர் போக வேண்டும் என்று வெட்டிய வேலையால் அவர்களின் நிலம் தீவாகிவிட்டது. நகரம் நூறு ஆண்டாக அந்தத் தண்ணீரைக் குடிக்க, ஏரிக்காரருக்கு 1997 முதல் 24 ஆண்டு 'கொதிக்க வைத்துத்தான் குடிக்கலாம்' என்ற அறிவித்தல். போத்தல் தண்ணீரைப் படகிலும், குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேலாலும் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு வெளியே போக வீதி கிடைத்தது 2019இல். சுத்திகரிப்பு நிலையம் 2021இல். எந்த நாட்டையும் விட அதிக ஏரிகள் இருக்கிற நாட்டில்!

பள்ளிக்கூடங்களில் செப்ரெம்பர் 30ஆம் திகதி பிள்ளைகள் செம்மஞ்சள் உடுப்புப் போட்டுக்கொண்டு போவது ஏன் என்று கனடாப் பெற்றோருக்குத் தெரிந்திருக்கும். 1,50,000க்கு மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடம் இருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் வைத்து, தாய்மொழி பேசினால் அடித்தார்கள். கடைசிப் பள்ளி மூடியது 1990களில். நாங்கள் பாலர் வகுப்பில் இருந்த காலம் அது. கனடாவில் எழுபதுக்கு மேல் பூர்வகுடி மொழிகள் இருக்கின்றன. இனுக்ரிற்றுட் பேசுகிறவர்கள் 40,000 அளவில், பூர்வகுடி மொழிகளுக்குள் அதுவே பலமான ஒன்று. தமிழைத் தாய்மொழி என்று எழுதியவர்கள் இங்கே ஒன்றரை இலட்சத்துக்கு மேல்.

இனுக்ரிற்றுட்டின் எழுத்தை இணையத்தில் தேடி உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டிப் பாருங்கள், குறிப்பாகத் தமிழ்ப் பாடசாலையில் உயிர்மெய்யோடு மல்லுக்கட்டுகிற பிள்ளைகளுக்கு. அங்கே அ, இ, உ என்று மூன்று உயிர்தான். ஒவ்வொரு மெய்க்கும் ஒரு வடிவம். 'ப' வரிசைக்கு ஒரு கூம்பு: மேலே பார்த்தால் 'பி', வலப்பக்கம் பார்த்தால் 'பு', இடப்பக்கம் பார்த்தால் 'ப'. கொம்பும் விசிறியும் இல்லை, அதே வடிவத்தைத் திருப்பிவிட்டால் உயிர் மாறிவிடும். உயிர் இல்லாத தனி மெய் வேண்டுமென்றால் அதைச் சின்னதாக்கி மேலே எழுதுவார்கள், எங்கட புள்ளியைப் போல. 1840இல் கிரீ மொழிக்காகப் பாதிரியார் ஜேம்ஸ் எவன்ஸ் வெளியிட்ட எழுத்துமுறையில் இருந்து வளர்ந்தது இது.

என் மகளுக்குப் பதினைந்து நிமிடத்தில் பிடித்துவிட்டது. 247க்கு இது பரவாயில்லை என்று சொல்லிச் சொல்லித் தன் பெயரை எழுதப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "அப்பா, அந்தப் பிள்ளையளுக்கும் சனிக்கிழமைதான் மொழி வகுப்போ?"

இல்லையம்மா, அது அவர்களின் சொந்த இடம், பள்ளிக்கூடத்திலேயே படிக்கலாம் என்று சொல்லத் தொடங்கி, உள்ளதைச் சொன்னேன். எல்லா வகுப்பிலும் இனுவிட் மொழியிலேயே படிக்கும் உரிமையை 2019க்குள் தருவதாக நுனாவுட்டில் சட்டம் இருந்தது. படிப்பிக்கப் போதிய ஆசிரியர் இல்லை. 2020இல் சட்டத்தை மாற்றி அந்தத் திகதியை 2039க்குத் தள்ளிவிட்டார்கள்.

விரலை மடித்து எண்ணினாள். "எனக்கு அப்ப 22 வயசு" என்றாள்.